கரையான் தொடாத மரம்

ஜனவரி 5, திங்கள்

மரம் வந்து இறங்கிவிட்டது. மூடிப்போன நூல் மில் ஒன்றில், சுடுதண்ணீரை மேலிருந்து விழவைத்து ஆற்றுகிற கூலிங் டவரைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அந்தப் பலகைகள்தான். பழைய சாமான் வியாபாரி இதை யார் தலையில் கட்டுவது என்று முழித்துக்கொண்டிருந்தான். நான் மொத்தத்தையும் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பார்க்கட்டும். ஒரு பொம்பளை முலாம் பட்டறை நடத்துவதையே கணபதி வட்டாரத்தில் இன்னும் சிலர் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து அதிகாரி பிப்ரவரி பத்துவரை கெடு கொடுத்திருக்கிறார். நிக்கல் முலாம் பூசிய சாமானைக் கழுவிவிடுகிற தண்ணீரில் நிக்கல் அளவுக்கு மேல் இருக்கிறது. குறைக்காவிட்டால் பட்டறைக்குக் கரண்ட் கிடையாது. பெரிய கம்பெனிக்காரன் பெரிய இயந்திரம் வைப்பான். நான் கெமிஸ்ட்ரி படித்தவள், எனக்குக் கரி போதும். மரத்தைக் காற்றுப்படாமல் மூடிச் சுட்டால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு கரியாகும். அதைப் பொடித்துக் கழுவி டிரம்மில் நிரப்பி, தண்ணீரை அதன் வழியாக விட்டால் நிக்கல் கரியிலேயே ஒட்டிக்கொள்ளும். போன மாதம் பேட்டர்ன் பட்டறையில் மர அச்சு செய்து மிஞ்சின சீவலைக் கரியாக்கிப் பாட்டிலில் செய்து பார்த்தேன். பிரமாதமாக வந்தது. ஆனால் டிரம் நிரப்ப மூட்டை மூட்டையாகச் சீவலுக்கு எங்கே போவது? அதற்குத்தான் இந்த லாரி.

பலகையை அறுத்துப் பார்த்தேன். உள்ளே லேசாகப் பச்சை ஓடியிருக்கிறது. அத்தனை வருடம் நனைந்தும் ஒரு கரையான் தொட்டதில்லை. அந்தக் காலத்து மரம் என்றால் சும்மாவா. மாரக்காள் அடுப்புக்கு இரண்டு துண்டு கேட்டாள். ஒரு கட்டே எடுத்துப் போகச் சொன்னேன். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து என்னோடு இருப்பவள்.

லாரி பின்னால் வரும்போது பக்கத்துப் பட்டறைக்காரரின் ஸ்கூட்டரை இடிக்கப் பார்த்தது. அவர் வெளியே வந்தார், வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு உள்ளே போனார். கொஞ்சம் இளைத்திருக்கிறார். பக்கத்துப் பட்டறைக்காரர் என்றால் என் அண்ணன் திருமூர்த்தி.

ஜனவரி 8, வியாழன்

டிரம்மில் அடுக்கி, மூடி போட்டு, அடியில் தீ மூட்டினோம். முதல் நாள் பாதி சாம்பலாகிவிட்டது. மூடியில் காற்று புகுந்திருக்கிறது. இரண்டாவது டிரம்முக்குக் களிமண் பூசினேன், கரி கருகருவென்று வந்தது.

மாரக்காள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "ஏனுங்கம்மா, இந்தப் பொகையில யாரோ பூண்டு வதக்கறாப்பல இருக்குதுங்" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பின் சந்து மெஸ்ஸில் மத்தியானத்துக்குப் பூண்டுக் குழம்பாக இருக்கும். எனக்குப் பசி வந்துவிட்டது.

ஜனவரி 13, செவ்வாய்

மூன்று நீல டிரம், ஒன்றன்கீழ் ஒன்று, நடுவில் குழாய். என் கையால் கட்டினது. தண்ணீர் மேலே பச்சையாகப் போய்க் கீழே நிறமில்லாமல் வந்தது. நான் சத்தம்போட்டுச் சிரித்தேன். பாலிஷ் போடுகிற பையன்கள் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார்கள்.

நஸீமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். என்னோடு காலேஜில் படித்தவள், இப்போது சொந்தமாகத் தண்ணீர் பரிசோதனைக்கூடம் வைத்திருக்கிறாள். அவள் எதற்கும் உடனே சந்தோஷப்படுகிற பிறவி இல்லை. முதலில் வெறும் தண்ணீரை விட்டுப் பார்த்தாயா என்று கேட்டாள். கரியிலிருந்தே ஏதாவது கரைந்து வருகிறதா என்று தெரிய வேண்டுமாம். நான் தினம் குடிக்கிற சிறுவாணித் தண்ணீருக்கு என்ன பரீட்சை என்று கேட்டேன். பரீட்சை தண்ணீருக்கு இல்லை, உன் கரிக்கு என்றாள். காலேஜிலும் இப்படித்தான், பரிசோதனை வகுப்பில் எல்லோரும் கிளம்பின பிறகும் குழாயைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அண்ணி வழக்கம்போலச் சீர் கொண்டுவந்தாள். கரும்பு, மஞ்சள், சேலை. வாங்கி வைத்துக்கொண்டேன். சேலை மாம்பழ நிறம். எனக்குப் பிடித்த நிறம் அண்ணிக்குத் தெரியாது.

ஜனவரி 20, செவ்வாய்

நஸீமாவின் அறிக்கை வந்தது. நிக்கல் நான் நினைத்ததைவிடக் குறைந்திருக்கிறது. மெடல் கொடுக்கலாம். ஆனால் அடியில் ஒரு வரி: குரோமியம் இருக்கிறது. கொஞ்சநஞ்சம் இல்லை, அளவுக்கு மேல்.

என் பட்டறையில் குரோமியம் கிடையாது. ஒரு பொட்டு கிடையாது. இந்தச் சந்தில் குரோமியம் போடுகிறவர் ஒரே ஒருவர்தான். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

அந்தச் சுவரைப் பற்றி எழுதக்கூடாது என்று இருந்தேன். அப்பா இருந்தவரை இது ஒரே பட்டறை. அவர் போன பிறகு நான் என் பங்கைக் கேட்டேன். பெண்ணுக்குப் பட்டறையில் பங்கா என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் குதித்தார்கள். அண்ணன் குதிக்கவில்லை. பங்கு பிரித்துக் கையெழுத்தும் போட்டார். ஆனால் மற்றவர்கள் என்னை வாய்க்கு வந்தபடி பேசினபோது, வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து நானும் சொல்லவில்லை.

இப்போது அவர் தொட்டியிலிருந்து கசிந்து, சுவருக்கு அடியில், கழுவின தண்ணீரைத் தேக்குகிற என் குழிக்கு வருகிறது. வேறு எப்படி வரும்?

ஜனவரி 22, வியாழன்

முலாம் பட்டறைக்காரர்கள் சங்கத்துச் செயலாளர் மூலம் அண்ணனிடம் கேட்டுவிட்டேன். தன் தொட்டி ஒழுகவில்லை, போன வருடம்தான் புதிதாக உள்பூச்சு போட்டேன் என்று பதில் வந்தது. ஒழுகுகிறவர்கள் யார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்?

வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன். நறுக்கென்று எழுதியிருந்தேன். அதிகாரி படித்துவிட்டு, பிப்ரவரி ஐந்தாம் தேதி நேரில் வருவதாகச் சொன்னார். குரோமியம் மண்ணில் இறங்குகிறது என்று உறுதியானால் அன்றைக்கே அந்தப் பட்டறையின் கரண்டை வெட்டிவிடுவாராம். நிக்கல் மாதிரி இதற்குக் கெடு எல்லாம் கிடையாதாம். பக்கத்துப் பட்டறை உங்கள் அண்ணனுடையதுதானே என்று கேட்டார். ஆமாம், அதற்கென்ன என்றேன்.

வரும் வழியில் தலைவலி. வெயில்.

ஜனவரி 27, செவ்வாய்

பக்கத்துப் பட்டறைக்காரர் பழனிக்கு நடந்து போகிறார். தைப்பூசத்துக்கு வருடா வருடம் போகிறவர்தான். பச்சை வேட்டி, தோளில் காவடி, கால் வெறும் கால். கூடப் போகிற கோஷ்டி தெருமுனையில் காத்திருந்தது. சர்க்கரை வந்த காலோடு அத்தனை தூரம் செருப்பில்லாமல் நடக்கிற புத்தியை யார் கொடுத்தார்களோ. வேலையாட்களுக்கும் லீவு விட்டு, பட்டறையைப் பூட்டிச் சாவியை அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் ஜன்னல் பக்கம் தற்செயலாக நின்றிருந்தேன்.

ஜனவரி 29, வியாழன்

நஸீமா ஒரு சொட்டு மருந்து கொடுத்திருக்கிறாள். தண்ணீரில் விட்டால், குரோமியம் இருந்தால் ஊதா நிறமாகும். இன்று விட்டேன். நல்ல கத்தரிப்பூ ஊதா.

பக்கத்தில் மூன்று நாளாகத் தொட்டி ஓடவில்லை. ஆனால் அதனால் என்ன? இத்தனை நாள் ஊறின மண் ஒரே நாளில் காய்ந்துவிடுமா?

ஜனவரி 31, சனி

குழிக்குள் தடிமனான பிளாஸ்டிக் ஷீட் விரித்து, ஓரமெல்லாம் ஒட்டினேன். இனி மண்ணிலிருந்து ஒரு சொட்டு உள்ளே வர வழியில்லை. மறுபடி கழுவுதண்ணீர் விட்டு, டிரம் வழியாக ஓட்டி, சொட்டு மருந்து விட்டேன்.

ஊதா.

ஷீட் மட்டமான சரக்கு. கடைக்காரனை நாளை ஒரு பிடி பிடிக்க வேண்டும்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். பட்டறையில் யாருமில்லை. சந்தே அமைதியாக இருந்தது. நான் எதற்கு வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சும்மா டிரம்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நஸீமா சொன்னது ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

ஒரு குடம் சிறுவாணித் தண்ணீரைக் குழாயிலிருந்து பிடித்தேன். முதலில் குடத்திலிருந்தே ஒரு டம்ளர் எடுத்து மருந்தை விட்டேன். நிறம் மாறவில்லை. மிச்சத்தை டிரம்மில் ஊற்றிக் கீழே பிடித்து, அதிலும் ஒரு சொட்டு விட்டேன்.

ஊதா. இதுவரை பார்த்ததிலேயே அழுத்தமான ஊதா.

என் கரியில் இருக்கிறது. என் கரியிலேயேதான் இருந்திருக்கிறது.

பிப்ரவரி 2, திங்கள்

நஸீமாவிடம் மரத்துண்டையே எடுத்துப் போனேன். அறுத்த முகத்தைப் பார்த்ததும் அந்தப் பச்சையை நகத்தால் சுரண்டினாள். எங்கே வாங்கினேன் என்று கேட்டாள். கூலிங் டவர் என்றதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். எப்போதும் நனைகிற மரம் உளுத்துப்போகாமல் இருக்க, அந்தக் காலத்தில் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றின் உப்பையும் கலந்து அழுத்தத்தில் மரத்துக்குள் ஏற்றிவிடுவார்களாம். சுட்டால் தாமிரமும் குரோமியமும் கரியில் தங்கிவிடும். ஆர்சனிக்கில் ஒரு பகுதி புகையோடு போகும், பூண்டு வாசம் அடிக்கும்.

"கரையானுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையேடி" என்றாள்.

வேறு நேரமாக இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்கு அப்போது மாரக்காளின் அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது. ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. போனபோது அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டைப் பற்ற வைத்தாயா என்று கேட்டேன்.

"இல்லீங்கம்மா. கேஸ் தீந்தா ஆகுமுன்னு பரண்மேல போட்டு வெச்சிருக்கறனுங். நல்ல மரமாச்சுங்களே, எரிக்க மனசு வல்லே."

நான் அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பயந்துவிட்டேன், அதை ஏன் மறைக்க வேண்டும். பிறகு கட்டை நானே இறக்கி ஸ்கூட்டியில் கட்டினேன். பட்டறையில் புகை குடித்த எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நானும் ரத்தம் கொடுத்தேன். முடிவு வர இரண்டு நாள் ஆகும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மிச்சமிருந்த பலகை, கரி, சாம்பல், டிரம்மில் கழுவின தண்ணீர் எல்லாவற்றையும் மூடி, தொடாதே என்று சிவப்பில் எழுதி ஒதுக்கி வைத்தாயிற்று. விஷக்கழிவு எடுத்துப் போகிற வண்டிக்குச் சொல்லிவிட்டேன். வேலை என்று வந்தால் நான் வேகம்தான்.

நாளை மறுநாள் அதிகாரி வருகிறார்.

யோசித்துப் பார்த்தால் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அவர் தோண்டிப் பார்ப்பார், மண்ணில் ஒன்றும் இருக்காது, போய்விடுவார். ஆனால் ஒன்றும் இருக்காது என்று எப்படிச் சொல்வது? அப்பா காலத்திலிருந்து முலாம் போட்ட இடம். பழைய கறை எங்காவது ஒரு மூலையில் இருந்தால் போதும், என் புகாரும் நஸீமாவின் அறிக்கையும் சேர்ந்து அண்ணன் பட்டறைக் கரண்டை வெட்டிவிடும்.

சாயங்காலம் அண்ணி வந்தாள். பழனியிலிருந்து திரும்பிவிட்டாராம். கால் முழுக்கக் கொப்புளமாம். கையில் ஒரு பஞ்சாமிர்த டப்பா. வருடா வருடம் வருவதுதான். இந்த வருடம் வராது என்று நினைத்திருந்தேன்.

"புகார் குடுத்தது அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"போறதுக்கு முன்னாலயே தெரியும்" என்றாள் அண்ணி.

டப்பாவைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 4, புதன்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மாரக்காள், "அதான் நானே சொன்னனுங்களே, பூண்டுன்னு" என்கிறாள். இனி வாழ்நாள் பூராவும் சொல்லிக் காட்டுவாள். காட்டட்டும்.

பொங்கல் சேலைக்குத் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

மாம்பழ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

அதிகாரி பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார். கூடவே தோண்டுகிற ஆட்கள், மண் எடுக்கிற பை, சங்கத்துச் செயலாளர், வேடிக்கை பார்க்கச் சந்து முழுவதும். அண்ணன் தன் பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு காலிலும் துணிக்கட்டு. என்னைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். வேட்டி நுனியைப் பார்க்க ஆரம்பித்தார்.

அதிகாரி சுவரோரமாகக் கடப்பாரை போடச் சொன்னார். ஒருவன் ஓங்கினான்.

நான் எப்போதும் பேசுவதற்கு யோசிக்கிறவள் இல்லை. இன்று யோசித்தேன். ஆனாலும் சந்துக்கே கேட்கிற மாதிரித்தான் வந்தது.

"சார், தோண்ட வேண்டாமுங்க. அந்தக் குரோமியம் என்னோடதுங்க. எங்கண்ணன் பட்டறையிலிருந்து ஒரு சொட்டு வரலீங்க. நாந்தான் தப்பா புகார் குடுத்தேன்."

மரத்துண்டை எடுத்துக் காட்டினேன். சிறுவாணித் தண்ணீரை எல்லோர் முன்னாலும் அந்தக் கரி வழியாக விட்டு, ஊதாவாக்கிக் காட்டினேன். செயலாளர் தொண்டையைச் செருமினார். அதிகாரிக்குக் கோபம் வந்தது, நியாயம்தான். புகார் கொடுத்தவர் பட்டறையிலேயே குரோமியம் ஓடுகிறது என்றால் வெட்ட வேண்டியது இந்தக் கரண்டைத்தானே என்று கேட்டார். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது? பின்னால் ஒருவர், பொம்பளைக்குப் பட்டறை எதற்கு என்று இதற்குத்தான் சொல்வது என முணுமுணுத்தது நன்றாகக் காதில் விழுந்தது.

அப்போது அண்ணன் எழுந்தார். அந்தக் காலோடு எழுந்து நின்றார். முணுமுணுத்த ஆளைப் பார்த்துவிட்டுத்தான் அதிகாரி பக்கம் திரும்பினார்.

"சார், பட்டறை பொம்பளையோடதுதானுங்க. எங்கப்பா வெச்சதுல சரிபாதி அவளோடது. தப்புன்னா தப்புன்னு இத்தன பேருக்கு முன்னால சொன்னவ, சரியும் பண்ணுவா. நீங்க குடுத்த கெடு பத்தாந் தேதிங்க. அது வரைக்கும் அவ ஒரு சொட்டு வெளிய விடமாட்டா. அதுக்கு நான் பொறுப்பு."

எழுதிக் கொடுங்கள் என்றார் அதிகாரி. எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தேன். அழுதுகொண்டே பாதி டப்பா தின்றேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

காலையில் பட்டறை வாசலில் மூட்டை மூட்டையாக மரச்சீவல். மா, பலா, கொஞ்சம் தேக்கு. அண்ணனின் சிநேகிதர் பேட்டர்ன் பட்டறை வைத்திருக்கிறார். அவர் ஆட்களே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். மரம் வந்தால் இனி முதலில் மோந்து பார்த்து, அறுத்துப் பார்த்து, எங்கிருந்து வந்தது என்று கேட்டு, அதன் பிறகுதான் உள்ளே.

புது டிரம், புது மூடி. மாரக்காள் புகையை மோந்து பார்த்துவிட்டு, பலாப்பழ வாசம் வருதுங் என்று சான்றிதழ் கொடுத்தாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

முதலில் வெறும் தண்ணீர். சொட்டு மருந்து. நிறம் மாறவில்லை.

மறுபடி. மாறவில்லை.

நஸீமாவுக்குப் போன் போட்டேன். மூன்றாவது தடவையும் பார் என்றாள். பார்த்தேன். மாறவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

தேறிவிட்டேன். நிக்கல் அளவுக்குள், குரோமியம் இல்லவே இல்லை. அதிகாரி டிரம்களைச் சுற்றி வந்து, மற்றப் பட்டறைக்காரர்களுக்கும் இதைச் சொல்லித் தருவீர்களா என்று கேட்டார். பொம்பளையிடம் கற்றுக்கொள்வார்களா என்று கேளுங்கள் என்றேன். செயலாளர் தன் பெயரை முதலில் எழுதச் சொன்னார்.

நிக்கல் நிறைந்த பழைய கரியைத் தூக்கிப்போடக் கூடாது, அதுவும் விஷக்கழிவு வண்டிக்குத்தான் என்பதை அவர்களிடம் இரண்டு தடவை சொன்னேன். நான் சொன்னால் ஒரு தடவையில் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

இன்று நான்தான் அந்தப் பக்கம் போனேன். அவர் வாசற்படி ஏறி எத்தனை காலமாகிறது என்று எண்ணவில்லை. தொட்டிக்குப் புதிதாகத்தான் உள்பூச்சு போட்டிருக்கிறார், பளிச்சென்று இருக்கிறது. அப்பாவின் பழைய மேஜை இன்னும் அதே மூலையில்.

என்ன பேசுவது என்று தெரியாமல், தொழிலைப் பேசினேன். உங்கள் குரோமியத் தண்ணீர் அமிலப் புளிப்போடு இருக்கும்போதே கரியில் விட்டால் நன்றாகப் பிடிக்கும், வெளியே கொண்டுபோய்க் கொட்டக் கூலி கொடுக்காதீர்கள், நான் தனியாக இரண்டு டிரம் வைக்கிறேன், குழாய் மட்டும் வேண்டும் என்றேன். குழாய் எப்படி வரும் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது ஒன்றுதான். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தோம்.

"அன்னிக்கு நான் பேசியிருக்கோணும் அம்மிணி" என்றார். என்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 14, சனி

கொத்தனார் சுவரில் ஓட்டை போட்டுவிட்டார். குழாய் வைத்து இணைத்தாயிற்று. நான் இந்தப் பக்கம் டிரம்மோடு, அண்ணன் அந்தப் பக்கம் வால்வோடு. ஓட்டை வழியாக அவர் செருமுவது, ஸ்டூலை இழுப்பது, யாரையோ டீ வாங்கிவரச் சொல்வது எல்லாம் கேட்டது. எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

"அம்மிணி, தெறக்கறேன். வருதா பாரு."

வந்தது. மஞ்சளாக வந்து கரிக்குள் இறங்கி, அடியில் வெறும் தண்ணீராக விழுந்தது. சொட்டு மருந்து விட்டேன். நிறம் மாறவில்லை.

"வருதுங்ணா" என்றேன்.

குழாயைச் சுற்றிக் கைநுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கிறது. சிமெண்ட் பூசி அடைக்க வேண்டும், நாளைக்கே வரவா என்று கொத்தனார் கேட்டார். அவசரமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.